லண்டனில் கடைசி நாள்: ராத்திரி ஃபிளைட், முட்டி வலி, ஆளுக்கொரு ஆசை

காவேரிக்கரை கேட்டது:

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் லண்டன் வந்திருக்கிறோம். வியாழக்கிழமை ஊர் திரும்புகிறோம். ஹீத்ரோவிலிருந்து இரவு 9.30க்கு ஃபிளைட். ரூமைக் காலை 11 மணிக்குள் காலி செய்ய வேண்டும். ஹோட்டல் பேடிங்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டிகளைச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இவருக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இன்னொரு தடவை போக வேண்டுமாம். போன தடவை ரொசெட்டா கல்லைச் சுற்றி நின்ற கூட்டத்திலும் எகிப்து மம்மிகளிலும் நேரம் போய்விட்டது. ஆந்திராவின் பழைய பௌத்தத் தூபியைச் சேர்ந்த அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் பக்கம் போகவே முடியவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அமராவதிக் கற்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர் இவர். இங்கே இருப்பதையும் பார்க்காமல் கிளம்ப அவருக்கு மனசே இல்லை. எனக்கோ தேம்ஸ் ஆற்றில் படகில் போக வேண்டும், முடிந்தால் கிரீனிச் வரை.

அவருக்கு முட்டி வலி வேறு. சமதளத்தில் நன்றாகவே நடப்பார், படிக்கட்டு என்றால்தான் சிரமம். பகல் முழுக்க அலைந்துவிட்டு ராத்திரி விமானத்தில் காலை நீட்ட முடியாமல் அவர் தவிக்கக் கூடாது. இரண்டு பேர் ஆசையும் ஒரே நாளில் நடக்குமா, அல்லது ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

வடகரைவாசி:

வணக்கம் அம்மா. கிரீனிச்சையும் மியூசியத்தையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும். ஆனால் படகையும் மியூசியத்தையும் தாராளமாகச் சேர்க்கலாம். நீங்கள் பேடிங்டனில் தங்கியிருப்பது பெரிய வசதி. 2022இல் திறந்த எலிசபெத் லைன் ரயில் அங்கிருந்து ஒரு பக்கம் ஊருக்குள்ளும் மறுபக்கம் ஹீத்ரோவுக்கும் போகிறது. அன்றைக்கு முழுக்க அந்த ஒரே பாதையை ஒட்டியே சுற்றுங்கள்.

காலை பத்து மணிக்கு ரூமைக் காலி செய்துவிட்டு எலிசபெத் லைனில் ஃபாரிங்டனில் இறங்குங்கள். பார்பிகன் பக்கத்து வாசல் வழியாக வெளியே வாருங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்று ஒரு சின்னப் பூங்கா. கூரை போட்ட ஒரு தாழ்வாரச் சுவர் முழுக்கப் பீங்கான் பலகைகள் இருக்கும். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மனிதர்களுக்காக ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் 1900இல் அமைத்தது. கொத்தனாரிடம் சித்தாளாக இருந்தவரின் மகள் ஆலிஸ் அயர்ஸ். 1885இல் எரிகிற வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு அவர் இறந்துபோனார். அவருக்கும் அங்கே ஒரு பலகை உண்டு. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ராஜா ராணிக்கு ஊரெல்லாம் சிலை இருக்கிறது, இவர்களுக்கு இந்த ஒரு சுவர்தான். பெஞ்சுகள் உண்டு, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

அப்புறம் செயின்ட் பால் தேவாலயத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, நேராக மில்லேனியம் பாலத்தில் ஏறி ஆற்றைக் கடந்து போங்கள். கார், பஸ் எதுவும் வராது, நடப்பவர்களுக்கு மட்டுமான பாலம். 2000 ஜூனில் திறந்தபோது மக்கள் நடக்க நடக்கப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கிவிட்டது. ஆட்டத்துக்கு ஏற்ப எல்லோரும் காலை மாற்றி வைத்ததில் ஆட்டம் இன்னும் கூடியது. இரண்டே நாளில் மூடி, அதிர்வைத் தாங்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல்தான் திரும்பத் திறந்தார்கள். இப்போது ஆடாது, பயமில்லாமல் நடக்கலாம். நடுவில் நின்று திரும்பினால் தேவாலயத்தின் குவிமாடம் நேர் எதிரே தெரியும். போட்டோவை அங்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கரையில் டேட் மாடர்ன் கலைக்கூடம். முன்பு மின் நிலையமாக இருந்த கட்டடம். அனுமதி இலவசம், லிஃப்ட், கழிப்பறை எல்லாம் உண்டு. சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே பேங்க்சைடு படகுத்துறை. அங்கிருந்து எம்பேங்க்மென்ட் வரை படகில் போங்கள். கொஞ்ச நேரப் பயணம்தான், ஆனால் ஆற்றின் நடுவில் இருந்து ஊரைப் பார்ப்பதே தனி. இறங்கி டிரஃபால்கர் சதுக்கத்துக்கு நடந்தால் 24ஆம் எண் பஸ் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் கொண்டு விடும். மியூசியம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

மியூசியத்துக்கு இரண்டரை மணிக்குள் போய்விடுங்கள். வியாழனன்று 5 மணிக்கு மூடிவிடுவார்கள். இலவச நுழைவுச்சீட்டை முன்பே இணையத்தில் எடுத்து வையுங்கள். அமராவதிச் சிற்பங்கள் 33ஏ அறையில் இருக்கின்றன. பெரிய வாசலை விட்டுவிட்டுப் பின்பக்கம் மான்டேகு பிளேஸ் வாசல் வழியாகப் போனால் அந்த அறை கிட்டத்தில். மற்ற அறைகள் பக்கமே போகாதீர்கள். 1859இல் சென்னையிலிருந்து கப்பலேறிய கற்கள் அவை. அவற்றுக்காக மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். நாலேகாலுக்குக் கிளம்பினால் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் ஏறி, அதே எலிசபெத் லைனில் பேடிங்டன், பெட்டி, ஹீத்ரோ.

தென்றல்72:

அக்கா, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஐயாவின் ஆசை முழுதாக நிறைவேறுகிறது, உங்கள் கிரீனிச் மட்டும் கழன்றுவிட்டது! முட்டி வலிக்காரர் குன்றின் மேல் இருக்கும் வானாய்வகத்துக்கு ஏற வேண்டாம் என்பது சரி. ஆனால் ஆற்றங்கரையில் கட்டி சார்க் கப்பல், சுவரும் கூரையும் ஓவியமாக இருக்கும் பெயின்டட் ஹால் எல்லாம் கீழேயே இருக்கின்றன. கட்டி சார்க் 1869இல் கட்டிய பாய்மரக் கப்பல், தேயிலை ஏற்றி வந்தது. திரும்பும்போது டி.எல்.ஆர். ரயிலில் கேனரி வார்ஃப் வந்தால் எலிசபெத் லைன் நேராகப் பேடிங்டனுக்கு. மியூசியத்துக்கு ஏற்கெனவே ஒரு தடவை போய்விட்டீர்கள்தானே?

கணக்குப்பிள்ளை:

இரண்டு சின்ன விஷயம். பயணக் கட்டணத்துக்கு ஒரே வங்கி அட்டையை இரண்டு பேருக்கும் தட்ட முடியாது. ஆளுக்கொரு அட்டை வேண்டும், ரயிலிலும் படகிலும் ஏறும்போது தட்டியதையே இறங்கும்போதும் தட்ட வேண்டும். பஸ், டியூப் (சுரங்க ரயில்) கட்டணம் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஓர் உச்சவரம்பு உண்டு, படகுக் கட்டணம் அதில் சேராது. இன்னொன்று, வாங்கிய பொருளுக்கு விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்கும் என்று ரசீது தேடாதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான அந்த வசதியை 2021 தொடக்கத்தோடு எடுத்துவிட்டார்கள்.

காவேரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தென்றல், நீங்கள் எனக்காகப் பேசியது ரொம்பவும் சந்தோஷமாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கிரீனிச் முக்கியமில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றில் போக வேண்டும், அவ்வளவுதான். பேங்க்சைடு படகே போதும். அந்தக் கற்களின் முன்னால் இவர் எதையெல்லாம் காட்டி என்னவெல்லாம் சொல்லப்போகிறார் என்று கேட்கவும் எனக்கு ஆசை. மியூசியச் சீட்டு எடுத்தாயிற்று. எங்களுக்கு டெர்மினல் 4. பேடிங்டனில் எந்த ரயில் வந்தாலும் ஏறலாமா தம்பி?

வடகரைவாசி:

வேண்டாம் அம்மா. எல்லா ரயிலும் ஹீத்ரோ போகாது. போகிறவற்றிலும் சில டெர்மினல் 4க்கு, சில 5க்கு. பலகையில் டெர்மினல் 4 என்று பார்த்து ஏறுங்கள். மாறி 5க்குப் போகும் ரயிலில் ஏறிவிட்டாலும் 2, 3 டெர்மினல்களுக்கான ஸ்டேஷனில் இறங்கி மாறிக்கொள்ளலாம். ஐந்தரைக்குள் பேடிங்டனை விட்டால் போதும்.