மறு: ஐ/ஓ போர்ட், இன்லைன் அசெம்பிளி – தமிழில் என்ன?

வணக்கம்.

> போர்ட் = முனையம் என்றே வைத்துக்கொள்ளலாமே?

முனையத்தில் டெர்மினல் ஏற்கெனவே குடியிருக்கிறது. அது போக, இங்கே ஐ/ஓ (உள்ளீடு-வெளியீடு) போர்ட் என்பது கம்பி செருகும் ஓட்டை இல்லை, ஓர் எண். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 சில்லில் நினைவகத்துக்கு ஒரு முகவரிவெளி (முகவரி எண்களின் தொகுதி), உள்ளீடு-வெளியீட்டுக்குத் தனியாக இன்னொன்று. இதில் 65,536 எண்கள். பழைய பிரிண்டர் இணைப்பான எல்பிடி1-ஐப் பாருங்கள். கணினியின் முதுகில் இருப்பது ஒரே ஓட்டை. நிரலிலோ, வழக்கமாக, மூன்று போர்ட்டுகள். பதினறும (16-ஐ அடியாகக் கொண்ட) எண்ணில் 378 தரவுக்கு, 379 நிலைக்கு, 37ஏ கட்டுப்பாட்டுக்கு. 378-க்கு ஒரு பைட் அனுப்பினால் எட்டு ஊசிகளில் மின்னழுத்தம் மாறும். எல்இடி கட்டி விளையாடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அதனால் என் ஓட்டு ‘துறை எண்’ணுக்கு. படகுத்துறை மாதிரி, சரக்கு ஏறி இறங்கும் இடம். எண் கூடவே வருவதால் வருவாய்த் துறையோடு குழம்பாது. ‘துறைமுகவரி’ மட்டும் வேண்டாம். சுங்கத்தில் கட்டும் பணம் போல இருக்கிறது.

> இன்லைன் = உள்வரி

இன்னொரு வரியா! சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்லைன் ஃபங்ஷனில் கம்பைலர் (நிரலைச் சில்லின் ஆணைகளாக மாற்றுவது) அழைப்பை எடுத்துவிட்டு, செயற்கூற்றின் உடலை அங்கேயே விரிக்கிறது. இன்லைன் அசெம்பிளியில் சி நிரலின் நடுவே அசெம்பிளி என்ற வேற்றுமொழி (சில்லின் ஆணைகளையே சொல்லால் எழுதுவது) வரியை நாமே நுழைக்கிறோம். உதாரணமாக, துறைக்கு ஒரு பைட் அனுப்பும் ‘அவுட்பி’ ஆணை. அது என்ன செய்யும் என்று ஜிசிசி கம்பைலருக்குத் தெரியாது. மதிப்பு ஏஎல் பதிவகத்தில் (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்), துறை எண் டிஎக்ஸ் பதிவகத்தில் என்று பக்கத்தில் எழுதித் தருவதை நம்பி, இடங்களை நிரப்பி அசெம்பிளரிடம் தள்ளிவிடுகிறது. ‘வாலட்டைல்’ (இதை விட்டுவிடாதே, வெளியே நகர்த்தாதே என்ற குறிப்பு) போடாமல் 379-ஐச் சுழலில் படித்துப் பாருங்கள்: ஒரு தடவை படித்தால் போதுமே என்று கம்பைலர் அதைச் சுழலுக்கு வெளியே தூக்கி வைத்துவிடலாம்.

இரண்டுக்கும் ஒரே சொல் ஒத்துவராது. முன்னதற்கு ‘இடவிரிவு’, பின்னதற்கு ‘இடைச்செருகல்’ என்கிறேன். ஏட்டில் பிறர் நுழைத்த பாட்டுக்கு உரிய சொல்லாயிற்றே என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த நெடி இருக்கட்டும், பொருத்தம்தான். நிரலைக் கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் சில்லுக்குக் கொண்டுபோனால் முதலில் உடைவது இந்த வரிதான்; துறையில் படிக்கும் இன், எழுதும் அவுட் ஆணைகளே அங்கு கிடையாது.

அசெம்பிளியை அப்படியே விட்டிருக்கிறேன். ‘தொகுப்பு மொழி’ என்றால், கம்பைலரைத் தொகுப்பி என்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். லினக்ஸில் ஒரு நிரல் துறைகளைத் தொட ‘ஐஓபெர்ம்’ என்ற அழைப்பு வாங்கித் தருவதைத் ‘துறை அனுமதி’ எனலாமா? ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.