பொருள்: 'டைமென்ஷன்' தமிழில்? வெள்ளிக்குள் வேண்டும்

வகுப்பெடுப்பவர்:
அனைவருக்கும் வணக்கம். பி.காம். முடித்த பிள்ளைகளுக்கு எஸ்ஏபி அனலிட்டிக்ஸ் கிளவுட் என்ற, நிறுவனக் கணக்குகளை அலசவும் திட்டமிடவும் உதவும் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. விற்பனைத் தொகை ஒரு மெஷர். அதை மாதம், மண்டலம், பொருள் என்று எதன்படி பிரித்துப் பார்க்கிறோமோ அது டைமென்ஷன். மெஷருக்கு 'அளவை' வைத்துவிட்டேன். டைமென்ஷனுக்குப் 'பரிமாணம்' என்று எழுதினால் நீளம், அகலம், உயரம் என்கிறார்கள். வேறு சொல் உண்டா?

நெல்லைத் தமிழாசிரியர்:
பரிமாணம் என்றாலே அளவுதான் அம்மா. ஒரே கருத்தை ஒருபக்கம் தமிழிலும் மறுபக்கம் வடமொழியிலும் எழுதிவிட்டு இரண்டும் வேறு என்றால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில், ஒரு செயல் நடக்கக் காரணமாக நிற்பவற்றை, அதாவது தொழில்முதல்நிலையை, எட்டு என்கிறார்: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இதுபயன். விற்பது வினை. விற்றவர், விற்ற சரக்கு, மண்டலம், மாதம், எதன் வழியாக, யாருக்கு... உங்கள் மென்பொருள் கேட்பதெல்லாம் இங்கேயே இருக்கிறது. 'முதனிலை' என்று வையுங்கள். முன்னால் 'தொழில்' வேறு நிற்கிறது, பொருத்தத்தைப் பாருங்கள்!

கணக்குப்பிள்ளை:
ஐயா, ரசித்தேன். ஆனால் வணிகம் படித்தவனுக்கு முதல் என்றால் போட்ட பணம். 'மண்டல முதனிலை' என்றால் அந்த மண்டலத்தில் எவ்வளவு முதல் போட்டோம் என்று தேடுவான்.

இன்னொன்று. இந்த மென்பொருளில் தரவை அடுக்கிவைக்கும் அமைப்புக்கு மாடல் என்று பெயர். பழைய வகை மாடலில் விற்பனை, சம்பளம், வாடகை எல்லாமே 'அக்கவுண்ட்' என்ற டைமென்ஷனின் உறுப்புகள்; எண்கள் அத்தனையும் ஒரே பத்தியில் கிடக்கும். மெஷர்களைத் தனித்தனியாக வைக்கும் மாடல் பிறகுதான் வந்தது. ஆக, உங்கள் வினையே இங்கே டைமென்ஷன் ஆகிவிடும். அப்புறம், திட்டமிடலுக்கான மாடல் என்றால் தேதியோடு 'வெர்ஷன்' டைமென்ஷனும் கட்டாயம்: நடந்தது, பட்ஜெட், கணிப்பு. ஒரே மாத விற்பனைக்கு மூன்று எண். பட்ஜெட் எட்டில் எது?

நெல்லைத் தமிழாசிரியர்:
நடந்தது இறந்தகாலம், பட்ஜெட் எதிர்காலம். காலத்தில் அடங்கும்.

கணக்குப்பிள்ளை:
அடங்காது ஐயா. போன ஏப்ரலுக்கும் பட்ஜெட் உண்டு. அதை நடந்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தானே இத்தனை பாடு.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
செய்தித்தாளில் 'மாவட்ட வாரியாக' என்று படித்துப் பழகியவர்கள்தானே எல்லோரும்? மாத வாரியாக, சரக்கு வாரியாக, வெர்ஷன் வாரியாக. டைமென்ஷன் என்பது 'வாரி'. விளக்கமே தேவையில்லை.

நெல்லைத் தமிழாசிரியர்:
அது உருது வழி வந்த ஒட்டு; மன்றோ காலத்து ரயத்துவாரியில் இருப்பதும் அதுதான். தனிச்சொல்லாக நமக்கு வேறொரு வாரி இருக்கிறது. வள்ளுவர் 'புயல்என்னும் வாரி' என்பது வருவாயை. வருவாய்க் கணக்குப் பாடத்தில் கொண்டுபோய் இதை வைக்கலாமா? 'கூறு' போதும். மாதக்கூறு, மண்டலக்கூறு.

கணக்குப்பிள்ளை:
மார்ச் ஒரு கூறு, சரி. மாதம் எப்படிக் கூறாகும்? பிரித்தபின் கிடைப்பது கூறு. எதை வைத்துப் பிரித்தோம் என்பதற்கல்லவா பெயர் கேட்டார்கள்?

சேலத்து வாசகர்:
எங்கள் சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி விற்பார்கள். இப்போது எல்லாம் எடைதான். உங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் கூறு உண்டா?

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
தக்காளியைத் தனி இழையில் பேசலாமே. இவ்வளவு தூய்மை பார்த்தால் நம் ஊரில் 'வசூல்', 'பாக்கி', 'ரசீது' இல்லாமல் ஒரு கடைக் கணக்கு எழுத முடியுமா ஐயா?

வகுப்பெடுப்பவர்:
நாளைக்கு அச்சு. தலைப்பில் 'டைமென்ஷன்' என்றே விடுகிறேன், எங்கள் திரையில் ஆங்கிலம்தான் வருகிறது. விளக்கத்தில் மாதவாரி, மண்டலவாரி. வேறு யாருக்கும் பெரிய மறுப்பு இல்லையென்றால் இப்படியே போகட்டும். அனைவருக்கும் நன்றி.

நெல்லைத் தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'இந்த மாடலில் எத்தனை வாரிகள்?' என்று ஒரு கேள்வித்தாள் எழுதி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'அளவை' பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தருக்கத்தில் அது வேறு.