பரவை முனியம்மாவைச் சினிமா வாழவைத்ததா?

திரைப்பித்தன்:
2003 பொங்கலுக்கு 'தூள்' வராமல் இருந்திருந்தால், மதுரை வட்டாரத்தைத் தாண்டி எத்தனை பேருக்குப் பரவை முனியம்மாவைத் தெரிந்திருக்கும்? விக்ரம் அடிதடியில் இறங்க, வித்யாசாகர் இசையில் பாட்டி குரலெடுக்கும் அந்தக் காட்சியில் திரையரங்கமே எழுந்து ஆடியதை நான் பார்த்தேன். அறுபதை ஒட்டிய வயதில் ஒரு கிராமத்துப் பாடகியைத் தமிழ்நாடே 'எங்கள் பாட்டி' என்று கொண்டாடியது. சினிமா அவரை வாழவைத்தது என்பதே என் கட்சி.

நாற்றங்கால்:
கொண்டாடியது சரி. அதன் பிறகு என்ன கொடுத்தது? படத்துக்குப் படம் அதே பாட்டி வேடம். 'தமிழ்ப்படம்', 'மான் கராத்தே' என்று வரிசையாக நடித்தார். அவற்றில் அவர் பாட்டுக்கு எவ்வளவு இடம் இருந்தது? 2015இல் அவர் உடல்நலம் குன்றி வறுமையில் இருப்பது செய்தியான பிறகு, அரசு அவர் பெயரில் 6 லட்சம் ரூபாயை வைப்பு நிதியாகப் போட்டு, மாதாமாதம் பணம் கிடைக்க வழி செய்தது. வாழவைத்த சினிமா என்றால் அந்த நிலை ஏன் வந்தது?

திரைப்பித்தன்:
நண்பரே, அந்தச் செய்தி வந்ததே அவர் நடிகை என்பதால்தான். அதே வயதில், அதே வறுமையில், அவரைப் போலவே பாடிய எத்தனையோ பேரின் வீட்டு வாசலுக்கு எந்த நிருபரும் போகவில்லை.

நாற்றங்கால்:
என் வருத்தமும் அதுதான். திரையில் முகம் காட்டினால்தான் பசிகூடச் செய்தியாகும் என்றால், அதைச் சினிமாவின் பெருமையாக எப்படி எடுத்துக்கொள்வது?

வைகைக்கரை:
இருவரும் கொல்லங்குடி கருப்பாயியை மறந்துவிட்டீர்கள். வானொலியில் பாடிப் பெயர் வாங்கியவர். 1985இல் பாண்டியராஜனின் 'ஆண் பாவம்' படத்தில் நடித்து, தம் குரலிலேயே பாடவும் செய்தார். 1993இல் கலைமாமணி விருது பெற்றார். முனியம்மாவுக்கு அதே விருது 2019இல்தான் கிடைத்தது. அடுத்த மார்ச்சில் அவர் போய்விட்டார். 'தூள்' வந்து பதினாறு ஆண்டுகள் ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

திரைப்பித்தன்:
கே.பி. சுந்தராம்பாளையும் சேர்த்துப் பாருங்கள். சிறு வயதில் ரயிலில் பாடியவர், 1935இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் வாங்கினார். கெட்டிக்காரப் பாடகிக்குச் சினிமா அள்ளிக் கொடுத்திருக்கிறது.

நாற்றங்கால்:
அந்த ஒப்பீடு பொருந்தாது. கே.பி.எஸ். நாடக மேடையின் ராணியாக இருந்துகொண்டு பேரம் பேசியவர். அவர் நடிக்க வரமாட்டாரா என்று தயாரிப்பாளர்கள் ஏங்கினார்கள். நாட்டுப்புறப் பாடகிக்கு அந்தப் பேரம் பேசும் பலம் என்றுமே இருந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அப்பத்தா நடவுப் பாட்டுப் பாடுவார். அவர் முதலடி எடுக்க, குனிந்தபடியே பத்துப் பெண்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். வயலின் நீளத்துக்கு ஏற்றபடி பாட்டும் நீளும். வரப்பை எட்டியதும் குலவை. நான் படிக்கிற காலத்தில் டேப்ரிக்கார்டரோடு போய் அவரைத் திண்ணையில் உட்காரவைத்தேன். இரண்டு அடி பாடியதும் நின்றுவிட்டது. "கையில் நாற்று இல்லாமல் வரமாட்டேன் என்கிறதப்பா" என்றார். சினிமா எடுத்துக்கொள்வது அந்த இரண்டு அடியைத்தான்.

வைகைக்கரை:
படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் முனியம்மாவை வயலோடு கட்டிப்போடாதீர்கள். சினிமாவுக்கு முன்பே கச்சேரி மேடை ஏறிய தொழில்முறைப் பாடகி அவர். மேடை, கேமரா, தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் தம்மைப் பழக்கிக்கொண்டவர். ஏமாந்த கிராமத்துப் பெண்ணாக அவரைக் காட்டினால் அவருடைய திறமையைக் குறைத்துவிடுகிறோம்.

நாற்றங்கால்:
ஒப்புக்கொள்கிறேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

திரைப்பித்தன்:
நானும் ஒன்றில் இறங்கி வருகிறேன். பாட்டு முடிந்தபின் பாடகியின் கதி என்ன என்று திரைத்துறை கேட்டதில்லை. நாற்றங்கால், அப்பத்தாவோடு பின்பாட்டுப் பாடியவர்களில் யாராவது இருக்கிறார்களா?

நாற்றங்கால்:
ஒருவர் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிவிட்டது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று இதுவரை நான் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன்.

வைகைக்கரை:
இந்த முறை திண்ணையில் உட்காரவைக்காதீர்கள், வரப்புக்கு அழைத்துப் போங்கள்.