குச்சி துளிர்த்துடுச்சு, தொட்டிக்கு மாத்தலாமா? அவசரம்

கொருக்குப்பேட்டை மாடி:
வெச்ச 5 குச்சியும் துளிர் வுட்டுடுச்சு. நாளைக்கு லீவு. தொட்டிக்கு மாத்திடலாமா?

உப்புக்காத்து:
இன்னா செடி? வெச்சு எத்தினி நாளு? மண்ணா, தண்ணியா?

பச்சைவிரல்:
மாசத்துக்கு நாலு பேர் இதையே கேக்குறாங்க. பழைய பேச்சு இழைங்களைப் படிச்சிட்டு வரலாமே. இலை வந்தா வேர் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல தம்பி. குச்சிக்குள்ள சேத்து வெச்ச சத்துலயே துளிர்க்கும். சத்து தீந்தா கருகிடும்.

கொருக்குப்பேட்டை மாடி:
தம்பி இல்ல, அக்கா. அடுக்குச் செம்பருத்தி, 3 வாரம் ஆவுது. டீ கப்புல தேங்காநார்த் தூளு.

வியாசர்பாடி:
லேசா இழுத்துப் பாருங்க. புடிச்சிக்கினா ரெடி.

மல்லிப்பந்தல்:
ஐயோ இழுக்காதீங்க, புது வேர் நூல் மாதிரி, அறுந்துடும். கப்பு அடி ஓட்டையைப் பாருங்க. நான் ஜூஸ் கடை பிளாஸ்டிக் கப்புலதான் வெப்பேன், வெளியவே தெரியும். வெட்டின எடத்துல வெள்ளையா சொரசொரன்னு கட்டி இருந்தா அது வேர் இல்ல. வேர் ஒரு வெரக்கடை நீண்டு, பக்கத்துல கெளை விட்டிருக்கணும். செம்பருத்திக்கு 4லருந்து 8 வாரம்கூட ஆகும்.

உப்புக்காத்து:
நார்த் தூளை அலசினீங்களா? உப்பு நிக்கும். அதோட நம்ம ஏரியா போர் தண்ணி வேற. வேர் எங்க வரும்?

வியாசர்பாடி:
உனக்கு எதுக்கெடுத்தாலும் போர் தண்ணிதான். எங்க வூட்ல அரளி 10 வருசமா அதுலதான் நிக்குது.

உப்புக்காத்து:
அரளி உப்பைத் தாங்கும்பா. இட்லிப்பூவுக்கு ஊத்திப் பாரு, இலை ஓரம் எப்டி கருகுதுன்னு.

பச்சைவிரல்:
ரெண்டு பேரும் தனி இழை தொடங்குங்க. அக்கா, மாத்துறப்போ பெரிய தொட்டி வேணாம், ஈரம் காயாம வேர் அழுகிடும். 4 அங்குலம் போதும். ஒரு வாரம் நெழல். உரம் இப்போ கூடாது.

கொருக்குப்பேட்டை மாடி:
பதில் வர்றதுக்குள்ள ஒண்ணை உருவிட்டேன். மயிர் மாதிரி ரெண்டு வெள்ளை வேர், அதுல ஒண்ணு கையோட வந்துடுச்சு. மீதி 4ஐத் தொடல.

மல்லிப்பந்தல்:
உருவினதைத் திரும்ப அதே கப்புல சொருகி, பாலித்தீன் கவர் போட்டு மூடுங்க. புழைச்சாலும் புழைக்கும். ரெண்டு வாரம் கழிச்சு சொல்லுங்க.

வியாசர்பாடி:
உப்புக்காத்து, நேத்து உங்க தெருவுக்கு தண்ணி லாரி வந்துச்சா?