அவசரநிலை அறிவித்த நாட்களில் துப்பாக்கி: அமெரிக்கத் தமிழர்கள் பார்த்ததும் பட்டதும்

பேட்டன் ரூஜ், லூசியானா

துப்பாக்கி என்று பேச்சு எடுத்தாலே நம் ஆட்களில் பாதிப் பேர் "நமக்கெதுக்கு இந்த வம்பு" என்று நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது புரிகிறது. ஆனால் இந்த நாட்டில் புயல், பனி, கலவரம், தொற்றுநோய் என்று எதற்காவது அவசரநிலை அறிவித்தால், துப்பாக்கியைப் பற்றியும் ஏதாவது ஓர் உத்தரவு கூடவே வந்துவிடும். அந்த மாதிரி நாட்களில் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் நானே எழுதுகிறேன்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடந்தபோது நான் நியூ ஆர்லியன்ஸில், அப்டவுன் பகுதியில் வாடகைக்கு இருந்தேன். கார் கிடையாது, அதனால் வெளியேற வழியில்லை. நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மூழ்கியது. எங்கள் தெரு மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய மேட்டுப் பகுதி என்பதால் தப்பித்தது. ஆனால் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, அவசர உதவிக்கு 911 அடித்தால் லைனே போகவில்லை. பேட்டரியில் ஓடும் ரேடியோவில் டபிள்யூ.டபிள்யூ.எல். 870 மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதைத் தாண்டியவர். அவரிடம் ஒரு பழைய ஷாட்கன் இருந்தது. தெருவில் மிஞ்சியிருந்த நாலைந்து பேரும் ராத்திரியில் அவர் வீட்டு வாசலில்தான் படுத்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் துப்பாக்கியோடு விழித்திருப்பார், விடிந்ததும் தூங்கப் போவார். கேம்பிங் அடுப்பில் நான் சோறு வைத்துக் கொடுப்பேன். அந்தத் துப்பாக்கியை அவர் யாரையும் நோக்கி நீட்டி நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை இருட்டில் ஒரு வண்டி விளக்கை அணைத்தபடி மெதுவாக எங்கள் தெருவுக்குள் வந்தது. அவர் எழுந்து நின்றார், வண்டி திரும்பிப் போய்விட்டது.

செப்டம்பர் 8 அன்று போலீஸ் தலைவர் எடி காம்பஸ் அறிவித்தார்: யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, துப்பாக்கிகள் எடுத்துக்கொள்ளப்படும், காவல் படையினரிடம் மட்டுமே இருக்கும் என்று. அடுத்த சில நாட்களில் எங்கள் தெருவுக்கும் ஒரு வண்டி வந்தது. இறங்கியவர்கள் எந்தப் படை, எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டையில் பெயர் இல்லை, பேச்சு லூசியானா பேச்சு இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். ஷாட்கனை வாங்கி, தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார்கள். அவை வாசல் பலகையில் உருண்டு ஓடின. பெரியவர் சண்டை போடவில்லை. "ரசீது கொடுங்கள்" என்று மட்டும் கேட்டார். எழுதிக் கொடுக்கக் காகிதம் இல்லை என்றார்கள். உள்ளே போய் ஒரு காலண்டர் தாளைக் கிழித்து வந்தார், பின்பக்கத்தில் துப்பாக்கியின் சீரியல் எண்ணை எழுதினார், கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். போட மறுத்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிவிட்டோம்.

அப்புறம் நடந்ததெல்லாம் பதிவில் இருக்கிறது. துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் என்.ஆர்.ஏ. அமைப்பும் செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷனும் வழக்குப் போட்டன. செப்டம்பர் 23 அன்று கூட்டாட்சி நீதிபதி ஜே ஜைனி பறிமுதலுக்குத் தடை விதித்தார். எடுத்த துப்பாக்கி எதுவும் தங்களிடம் இல்லை என்று முதலில் சொன்ன நகர நிர்வாகம், 2006 மார்ச்சில் ஆயிரத்துக்கும் மேல் கிடங்கில் இருப்பதாக ஒத்துக்கொண்டது. அதில் எல்லாமே வீடு புகுந்து எடுத்தவை அல்ல. கைவிடப்பட்ட வீடுகளில் கிடைத்தவையும், குற்றவாளிகளிடம் பிடித்தவையும் உண்டு. ஆனால் எது எது என்று பிரிக்க ஒழுங்கான கணக்கு இல்லாததுதான் கொடுமை. திரும்ப வாங்க பில் வேண்டும், இல்லையென்றால் சீரியல் எண்ணோடு சத்தியக் கடிதம் வேண்டும் என்றார்கள். வீடே மூழ்கியவன் பில்லுக்கு எங்கே போவான்? வழக்கு சமரசத்தில் முடிய 2008 ஆகிவிட்டது. பெரியவர் அதற்குள் ஹூஸ்டனில் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார். துப்பாக்கி கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே நாட்களில், அதே ஊரில், பெரிய கம்பெனிகளுக்கும் பணக்கார வீடுகளுக்கும் காவல் நின்ற தனியார் பாதுகாவலர்கள் ரைபிளோடு நின்றார்கள். அவர்களிடம் யாரும் வாங்கவில்லை. பாதுகாப்புக்கு ஆள் வைக்க வசதி இருந்தவனுக்கு ஒரு சட்டம், தானே காவல் இருந்த கிழவருக்கு ஒரு சட்டம். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.


கேரி, வட கரோலினா

உங்கள் அனுபவம் அளவுக்குப் பெரியது இல்லை, ஆனாலும் எழுதுகிறேன் அண்ணா. நான் கிரீன் கார்டு வந்தபிறகு களிமண் தட்டு சுடும் விளையாட்டுக்காக ஒரு ஷாட்கன் வாங்கினேன். சனிக்கிழமைகளில் கிளப்புக்குப் போவேன். 2010 பிப்ரவரியில் எங்கள் மாநிலத்தில் கிங் என்ற சின்ன ஊரில் பனிப்பொழிவுக்காக அவசரநிலை அறிவித்தார்கள். மது விற்பனைக்குத் தடை, கூடவே துப்பாக்கி விற்பனைக்கும், சொந்த இடத்துக்கு வெளியே எடுத்துச் செல்வதற்கும் தடை.

அப்போதுதான் கிளப்பில் இருந்த வக்கீல் ஒருவர் மாநிலச் சட்டத்தையே எடுத்துக் காட்டினார். அவசரநிலை அறிவித்த பகுதியில் உங்கள் சொந்த இடத்தைத் தாண்டித் துப்பாக்கியைக் கொண்டுபோனாலே அப்போது குற்றமாக இருந்தது. பனி, புயல் என்று எதற்காக அறிவித்தாலும் அது தானாகவே அமலுக்கு வந்துவிடும். எங்கள் மாநிலத்தில் புயல் வராத வருஷமே அபூர்வம். வண்டியின் டிக்கியில் பூட்டிய பெட்டியில் ஷாட்கனை வைத்துக்கொண்டு, எந்த கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) எப்போது அறிவிப்பு வந்தது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் எத்தனையோ தடவை போய் வந்திருப்போம்.

வழக்கு நடந்தது. 2012 மார்ச்சில் நீதிபதி மால்கம் ஹவார்ட் அந்தத் தடை, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தத்துக்கு ஒத்துவராது என்று தீர்ப்பளித்தார். ஆபத்து வேளையில்தான் தற்காப்பின் தேவை மிக அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு அது சரியாகவே படுகிறது.


எடிசன், நியூ ஜெர்சி

விசாவில் இருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில், கொரோனா பரவ ஆரம்பித்தபோது, நான் எச்-1பி வேலை விசாவில் இருந்தேன். இந்தியக் கடையில் அரிசி மூட்டை தீர்ந்த அதே வாரம் துப்பாக்கிக் கடை வாசலில் வரிசை பார்த்தேன். நாடு முழுக்க அந்த மாதம் மட்டும் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைகள் 37 லட்சத்தைத் தாண்டின. ஆசிய முகங்களைத் தெருவில் அடிக்கிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்த நேரம். வீட்டில் மனைவிக்கு ஒரே பயம்.

என் நண்பர் கிரீன் கார்டுக்காரர். நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்க முதலில் ஊர்ப் போலீஸிடம் விண்ணப்பித்து அடையாள அட்டை வாங்க வேண்டும், கைத்துப்பாக்கிக்கு அதற்கு மேல் தனி அனுமதி. அவர் மாதக்கணக்கில் காத்திருந்து அட்டை வாங்கியிருந்தார். கையில் அட்டை வந்தபோது மார்ச் 21 அன்று ஆளுநர் ஃபில் மர்ஃபியின் உத்தரவில் அத்தியாவசியம் அல்லாத கடைகளோடு துப்பாக்கிக் கடைகளும் மூடப்பட்டன. மதுக்கடை திறந்திருந்தது. பிறகு கூட்டாட்சி அரசின் அத்தியாவசியத் தொழில் பட்டியலில் துப்பாக்கிக் கடைகளும் சேர்ந்ததால், மாத முடிவிலேயே முன்பதிவு செய்து வாங்க விட்டார்கள். அவரோடு நானும் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்காரர், துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை அவரிடம் நீட்டிவிட்டு, நான் ஷெல்ஃபில் இருந்த ஒன்றைக் கையில் எடுக்கப் போனபோது முதலில் என் விசாவைக் கேட்டார். நல்ல மனிதர்.

ஏனென்றால் எச்-1பி போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் கையில் பிடித்துச் சுட்டு, போட்டோவை இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள் நம் பையன்கள். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு. அவசரநிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் மாறாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.


அல்பகர்க்கி, நியூ மெக்சிகோ

எல்லோரும் ஒரே பக்கம் எழுதுகிறீர்கள், நான் மறுபக்கத்தை எழுதுகிறேன். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். துப்பாக்கிக் காயத்தோடு வரும் பிள்ளைகளின் சட்டையைக் கத்தரிக்கோலால் கிழிப்பது என் வேலையின் ஒரு பகுதி. டீஷர்ட்டைக் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும், துளைகள் எத்தனை என்று எண்ண வேண்டும், உடனே திருப்பிப் போட்டு முதுகைப் பார்க்க வேண்டும். ஒரு துளை கண்ணில் படாமல் போனால் பிள்ளை போய்விடும். அம்மா வெளியே நின்று கத்துவது உள்ளே கேட்கும்.

2023 செப்டம்பரில் பேஸ்பால் மைதானத்திலிருந்து குடும்பத்தோடு காரில் திரும்பிய 11 வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றார்கள். ஆளுநர் மிஷேல் லூஹான் கிரிஷம் துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்து, செப்டம்பர் 8 அன்று எங்கள் நகரத்திலும் பெர்னலியோ கவுண்டியிலும் பொது இடங்களில் துப்பாக்கி எடுத்துச் செல்வதை 30 நாளுக்கு நிறுத்தினார். யார் வீட்டிலும் புகுந்து யாருடைய துப்பாக்கியையும் எடுக்கச் சொல்லவில்லை. வெளியே கொண்டுவராதே, அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது. யாராவது ஒருவர் இதை நோய் என்று சொன்னாரே என்று.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஓல்டு டவுன் பிளாசாவுக்குப் போனால், உத்தரவை எதிர்த்து ஆட்கள் தோளில் ரைபிளோடு நிற்கிறார்கள். சிரித்துப் பேசிக்கொண்டுதான் நின்றார்கள். என் சின்னவள் என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வந்த வழியே திரும்பிவிட்டோம்.

அமல்படுத்த மாட்டேன் என்று கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் சொன்னார். நீதிமன்றத்தில் ஆதரிக்க மாட்டேன் என்று மாநில அட்டர்னி ஜெனரலே சொன்னார், அதுவும் ஆளுநரின் சொந்தக் கட்சிக்காரர். 13ஆம் தேதி நீதிபதி டேவிட் யூரியாஸ் தடை போட்டார். 15ஆம் தேதி ஆளுநரே உத்தரவைப் பூங்கா, விளையாட்டு மைதானம் என்ற அளவுக்குச் சுருக்கிக்கொண்டார். சட்டப்படி அது நிற்கவில்லை, சரி. ஆனால் உரிமை உரிமை என்று எழுதும்போது மேஜையில் கிடக்கும் பிள்ளைக்கும் ஒரு உரிமை இருந்தது என்பதைச் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


ரிச்மண்ட், வர்ஜீனியா

நர்ஸ் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்க் கதையைச் சொல்லத் தோன்றியது. 2020 ஜனவரி 20 அன்று துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் சட்டமன்றத்துக்கு முன் பேரணி வைத்திருந்தார்கள். 2017ல் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர்களின் பேரணியின்போது நடந்த வன்முறை எல்லோர் மனதிலும் இருந்தது. ஆளுநர் ரால்ஃப் நார்தம் அவசரநிலை அறிவித்தார். ஆனால் தடை சட்டமன்ற வளாகத்துக்குள் மட்டும். 17ஆம் தேதி மாலை 5 மணிக்கு ஆரம்பம், 21ஆம் தேதி மாலை 5 மணிக்கு முடிவு என்று தெளிவாக எழுதியிருந்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள், மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

என் ஆபீஸ் அந்தப் பக்கம்தான். வேலிக்கு உள்ளே ஆயுதம் இல்லாத கூட்டம், வெளியே தெருவில் ரைபிளோடு அதைவிடப் பெரிய கூட்டம். மொத்தம் 22 ஆயிரம் பேர் என்றார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை. கடுங்குளிரில் சிலர் குப்பையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போனதையும் பார்த்தேன்.


பேட்டன் ரூஜ், லூசியானா

அல்பகர்க்கி சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்களோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையனுக்கு இருந்த உரிமையை நானும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் ரிச்மண்ட் தம்பி சொன்னதையும் கவனியுங்கள். எந்த இடம், எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்று மூன்றும் எழுத்தில் இருந்தது, அது நின்றது. எங்கள் ஊரில் மைக்கில் சொன்ன வாய்வார்த்தைக்கு எல்லையும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை, எடுத்ததற்குச் சீட்டும் இல்லை. அரசு என் பொருளை வாங்கலாமா கூடாதா என்று எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம். வாங்கினால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதில் வாதமே கிடையாது.

எடிசன் நண்பருக்கு நன்றி, விசா விஷயம் பலருக்கு உண்மையிலேயே தெரியாது.

புயல் மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கத்ரீனாவுக்குப் பிறகு, 2006ல் கூட்டாட்சிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். பேரிடர் நிவாரணத்தில் இருக்கும் கூட்டாட்சி அதிகாரிகளோ, கூட்டாட்சிப் பணம் பெற்று அந்த வேலையில் இருப்பவர்களோ சட்டப்படி நீங்கள் வைத்திருக்கும் துப்பாக்கியைப் பறிக்கக் கூடாது. லூசியானாவும் அதே ஆண்டு தன் பங்குக்குச் சட்டம் போட்டது. ஒரு விலக்கு உண்டு: மீட்புப் படகிலோ வண்டியிலோ ஏற்றுவதற்கு முன் துப்பாக்கியைத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொல்லலாம், இறங்கும்போது திருப்பித் தர வேண்டும். அங்கே நின்று சட்டம் பேசாதீர்கள், கொடுத்துவிட்டு ஏறுங்கள், உயிர் முக்கியம்.

இரண்டாவது, வாங்கிய பில்லையும் சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவையும் பாஸ்போர்ட் வைக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஒரு நகல் வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கட்டும்.

2017ல் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டனில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்து எழுதுங்கள். படகில் ஏறும்போது என்ன கேட்டார்கள், நிவாரண முகாமில் எப்படி நடத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.