கார்பன் ஃபோர்க் மாத்தணும், 43 ரேக் போட்டா ஹேண்ட்லிங் கெடுமா?

பெடல்பிரியன்:
வணக்கம் மக்களே. பழைய அலுமினியம் ரோட் பைக், ரிம் பிரேக். ஒரு பள்ளத்துல முன் வீல் படார்னு இறங்குனதுல ஃபோர்க் (முன் வீலைத் தாங்குற கவட்டை) கிரவுன் பக்கத்துல, அதாவது அதோட ரெண்டு காலும் மேல சேர்ற இடத்துல, முடி மாதிரி ஒரு கோடு, நகத்தை வச்சு இழுத்தா தட்டுது. பழசு 45 ரேக் (ஸ்டீயரிங் அச்சுலேருந்து வீல் ஆக்ஸில் எத்தனை மி.மீ. முன்னாடி தள்ளி இருக்குங்கறது), ஆன்லைன்ல நல்ல விலைக்கு வர்றது 43, டேப்பர்னு போட்டிருக்கான், அதாவது ஸ்டீயரர்ங்கற மேல் குழாய் கீழ வர வர அகலமாகுமாம். ரெண்டு மில்லிமீட்டர்ல ஏதாச்சும் தெரியுமா? புதுசு வர்ற வரைக்கும் இதுலயே மெதுவா ஓட்டலாம்ல?

ஸ்பேனர்சாமி:
ஓட்டாதீங்க ப்ரோ. நகம் தட்டுதுன்னா அதை பெயிண்ட் கீறல்னு நினைச்சு விட முடியாது, கார்பன் முறிஞ்சா முன்னாடி சொல்லிட்டு முறியாது. அப்புறம் ரேக்கை விடுங்க, டேப்பர்னா முதல்ல உங்க ஃப்ரேம்ல நுழையணுமே. பழைய அலுமினியம்னா பெரும்பாலும் மேல கீழ ரெண்டும் 1-1/8 இன்ச் தான், டேப்பர் கீழ 1-1/2 வரைக்கும் விரியும், அந்த பேரிங் உக்கார உங்க ஹெட் ட்யூப்ல (ஸ்டீயரர் நுழையுற ஃப்ரேம் குழாய்) இடம் இருக்காது. ஃபோர்க்கை கழட்டி கிரவுன் ரேஸ் (கீழ் பேரிங்குக்கு அடியில வர்ற வளையம்) உக்கார்ற இடத்தை வெர்னியர்ல அளந்து பாருங்க, 30 மி.மீ.ன்னா ஸ்ட்ரெய்ட்.

எதிர்காத்து:
ரேக் பத்தி நான் சொல்றேன். 73 டிகிரி ஹெட் ஆங்கிள் (ஹெட் ட்யூப் சாஞ்சிருக்குற கோணம்), 25 மி.மீ. டயர்னு வச்சுக்குங்க, 45 ரேக்குக்கு ட்ரெயில், அதாவது ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடுற இடத்துக்கு எவ்ளோ பின்னாடி டயர் தொடுதுங்கறது, சுமாரா 56 மி.மீ., 43க்கு 58. ஸ்டீயரிங் துளி நிதானமாகும், அவ்ளோதான், 28 டயர் போட்டாலே அதுல பாதி மாறிடும். நீங்க பாக்க வேண்டியது ஆக்ஸில்லேருந்து கிரவுன் வரைக்கும் உள்ள உயரம். ரிம் பிரேக் ரோட் ஃபோர்க் 370 பக்கம் இருக்கும், விலை கம்மின்னு 395 உள்ள சைக்ளோகிராஸ் (மண், சேறுல ஓட்டுற ரேஸ் பைக்) ஃபோர்க்கை மாட்டுனா முன்பக்கம் தூக்கி ஹெட் ஆங்கிள் ஒரு டிகிரிக்கு மேல சாஞ்சிடும். அப்புறம் லிஸ்டிங்ல டிஸ்க்னு இருந்தா திரும்பிக்கூட பாக்காதீங்க, உங்க ரிம் பிரேக் கேலிபர் மாட்ட ஓட்டையே இருக்காது.

பெடல்பிரியன்:
அளந்துட்டேன், 30 தான். டேப்பர் கேன்சல். ஸ்டீயரரை வீட்லயே அறுக்கலாமா?

ஸ்பேனர்சாமி:
தாராளமா. பொடிப்பல் பிளேடு, வெட்டுற இடத்துல டேப் சுத்திக்குங்க, மாஸ்க் கட்டாயம், அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதல் தடவை கொஞ்சம் நீளமாவே விடுங்க, ஓட்டிப் பாத்துட்டு திரும்ப அறுக்கலாம், ஒட்ட முடியாது. கார்பன் ஸ்டீயரர்ல ஸ்டார் நட் (குழாய்க்குள்ள அடிச்சு இறக்குற பல்லு வச்ச நட்) அடிச்சிடாதீங்க, உள்ள விரிஞ்சு பிடிக்கிற எக்ஸ்பாண்டர் பிளக்தான், அதுவும் ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஸ்டீயரரோட சேர்க்குற துண்டு) கவ்வுற உயரத்துக்கு நேரா உள்ள இருக்கணும். ஸ்டெம் போல்ட்டுக்கு பொதுவா 5 நியூட்டன் மீட்டர், ஸ்டெம்லயே எழுதியிருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லேன்னா கடன் வாங்குங்க. ஸ்டெம்முக்கு அடியில ஸ்பேசர் வளையம் எவ்ளோ வரைக்கும் போடலாம்னும் ஃபோர்க் பேப்பர்ல பாத்துக்குங்க.

எதிர்காத்து:
இதெல்லாம் தலைவலின்னா கால் ரெண்டும் கார்பன், ஸ்டீயரர் மட்டும் அலுமினியம்னு வர்றதை வாங்குங்க. எடை கொஞ்சம் கூடும், ஆனா ஸ்டார் நட் அடிச்சுக்கலாம், விலையும் கம்மி. ரேஸ் ஓட்டாதவங்களுக்கு என்னைக் கேட்டா அதுவே போதும். ஃபுல் கார்பன்தான் வேணும்னா கொலம்பஸ், ரிட்சி ரெண்டுலயும் 1-1/8 ஸ்ட்ரெய்ட் வருது, பேர் தெரியாத மலிவு ஃபோர்க்குக்கு மட்டும் போகாதீங்க.