ஊட்டிக்குப் பெரிய வணிக வளாகம் தேவையா?

கேத்திக்காரி (ஊட்டிக்குப் பக்கத்து ஊரான கேத்தியைச் சேர்ந்த பெண்): தேவை என்றுதான் சொல்வேன். கல்யாணப் புடவை எடுக்கவும் தீபாவளித் துணி எடுக்கவும் மலையிறங்கிக் கோவைக்குப் போகிறோம். மலையில் சம்பாதித்த பணம் சமவெளியில் செலவாகிறது. நம் வீட்டுப் பெண்கள் கோவையிலும் திருப்பூரிலும் விடுதியில் தங்கி, கடைகளில் பில் போடுகிறார்கள். அந்த வேலை இங்கே கிடைத்தால் யாருக்கு நஷ்டம்?

மார்க்கெட் வியாபாரி: எங்களுக்குத்தான், தங்கச்சி. மார்க்கெட்டில் நாங்கள் கட்டும் வாடகை நகராட்சிக்குப் போகிறது. வளாகத்தின் வாடகை எந்த ஊர் முதலாளிக்குப் போகும்? இன்னொன்றையும் யோசியுங்கள். பசுந்தேயிலைக்குத் தொழிற்சாலை மாதம் ஒருமுறைதான் பணம் தருகிறது. அதுவரை அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எங்கள் கணக்கு நோட்டில்தான் ஏறும். பணம் வந்த அன்று பெயருக்கு நேரே கோடு அடிப்போம். வீட்டில் சாவு விழுந்த மாதம் நாங்கள் கேட்கவும் மாட்டோம். பில் மெஷினுக்கு முகம் தெரியுமா?

கேத்திக்காரி: அந்த நோட்டில் என் அம்மாவின் பெயரும் உண்டு அண்ணா, அந்த நன்றி என்றும் இருக்கும். ஆனால் ஜூலை மழையில் கைக்குழந்தையோடு மார்க்கெட்டுக்கு வரும் பெண் எங்கே ஒதுங்குவாள்? சுத்தமான கழிப்பறைக்கு எங்கே போவாள்? அமெரிக்காவின் மினசோட்டாவில் 1956-இல் சவுத்டேல் வளாகத்தைக் கட்டியதே கடுங்குளிரிலும் மக்கள் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான். நமக்கும் குளிர் இருக்கிறது, மழை இருக்கிறது. முதியவர்கள் காசு செலவழிக்காமல் உட்கார ஒரு கூரை இல்லை.

கோத்தகிரி விவசாயி: சவுத்டேலின் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். அதை வடிவமைத்த விக்டர் குரூன், சுற்றிலும் வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா என ஓர் ஊரே அமைய வேண்டும் என்று திட்டமிட்டார். சூழ்ந்ததோ கார் நிறுத்துமிடம். பிற்காலத்தில் இத்தகைய வளாகங்களைத் தம்முடையவை என்று ஏற்க அவரே மறுத்துவிட்டார். மே மாதம் சேரிங் கிராஸில் வண்டி நகர்வதில்லை. கூட்டம் தாங்காமல்தான் 2024-இல் உயர் நீதிமன்றம் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கொண்டுவரச் சொன்னது. இங்கே கட்டடம் 7 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. மேலே போக முடியாத வளாகம் பக்கவாட்டில்தான் பரவும். அதற்குச் சரிவை வெட்டுவார்கள். மழைக்கு மண் சரிந்தால் கீழே இருப்பவர்கள் கதி என்ன?

என் கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏலத்துக்குப் போகிறது. வளாகம் வந்தால் அதை என்னிடம் நேராக வாங்குமா? உழவர் சந்தையில் நானே தராசு பிடித்து விற்கிறேன், காசு அன்றைக்கே கையில். எனக்கு வேண்டியது அந்தச் சந்தைக்கு இன்னும் கொஞ்சம் இடம்.

கேத்திக்காரி: சரிவை வெட்ட வேண்டாம். மார்க்கெட் இருக்கும் இடத்திலேயே கட்டட்டும். தரைத்தளம் முழுவதும் பழைய கடைக்காரர்களுக்கு, வாடகை நகராட்சிக்கு. தோடர் பூ வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெண்களுக்கும் ஒரு கடை. மேல்தளத்தில் துணிக்கடைகள் வரட்டும்.

மார்க்கெட் வியாபாரி: இப்படியென்றால் பேசலாம். ஆனால் எந்தக் கடை யாருக்கு, வாடகை எவ்வளவு, கட்டி முடிக்கும்வரை நாங்கள் எங்கே வியாபாரம் செய்வது என்பதையெல்லாம் முதலில் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் ஒரு ஷட்டரையாவது கழற்ற விடுவோம்.